ஆபத்தான திரவங்களை விமானத்தில் அனுப்புவது: பேக்கிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரியில் பலமுறை பத்திரமாகப் போய்வந்த பெட்டியை விமானக் கார்கோவில் கொடுத்ததும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதன் பிறகுதான் இந்தக் கேள்விகள் எழுகின்றன. அசிட்டோன், பெயின்ட், சென்ட், ஆசிட், பூச்சிமருந்து என்று எதை அனுப்பினாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். முதன்முறை அனுப்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

என் பொருள் ஆபத்தான திரவம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தயாரிப்பாளரிடம் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். எஸ்டிஎஸ் என்பார்கள். அதில் 14ஆம் பிரிவு போக்குவரத்துக்கானது. யூஎன் (ஐக்கிய நாடுகள்) எண், சரக்கின் முறையான பெயர், வகுப்பு (எந்த வகை ஆபத்து என்பது), பேக்கிங் குரூப் எல்லாம் அங்கே இருக்கும். அசிட்டோனுக்கு யூஎன் 1090, பெயின்ட்டுக்கு 1263, வாசனைத் திரவியங்களுக்கு 1266, எத்தனாலுக்கு 1170 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நான்கு இலக்க எண் உண்டு.

14ஆம் பிரிவோடு நிறுத்திவிட வேண்டாம். 9ஆம் பிரிவில் ஃபிளாஷ் பாயின்ட் போட்டிருக்கும். திரவத்தின் ஆவி ஒரு சின்னப் பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை அது. மூடிய கலன் சோதனையில் அது 60 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் பொதுவாக வகுப்பு 3, அதாவது எளிதில் தீப்பற்றும் திரவம். 9ஆம் பிரிவில் 27 டிகிரி என்றும், 14ஆம் பிரிவில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்றும் எழுதியிருக்கும் தாள்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருப்பது அபூர்வம். அப்படிப்பட்ட தாள் கைக்கு வந்தால் தயாரிப்பாளரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தாளில் இருந்த பிழையைக் காட்டி அனுப்புநர் தப்பிக்க முடியாது.

தீப்பற்றுவது மட்டும்தான் ஆபத்து என்றில்லை. ஆசிட், காரம் போல அரிப்பவை வகுப்பு 8. நச்சுத் திரவங்கள் 6.1. ஹைட்ரஜன் பெராக்சைடு போல, மற்ற பொருட்கள் எரியத் துணைபோகும் ஆக்சிஜனேற்றிகள் 5.1. சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆபத்து உண்டு. மெத்தனால் பற்றவும் செய்யும், நச்சும்கூட. அதனால் அதற்கு 3, 6.1 என இரண்டும் பொருந்தும்.

பேக்கிங் குரூப் என்பது என்ன?

ஆபத்தின் அளவு. ஒன்று என்றால் மிக அதிகம், இரண்டு நடுத்தரம், மூன்று குறைவு. வகுப்பு 3இல் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலை 35 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இருந்தால் குரூப் ஒன்று. அதற்கு மேல் இருந்து, ஃபிளாஷ் பாயின்ட் 23க்குக் கீழ் என்றால் இரண்டு. 23 முதல் 60 வரை என்றால் மூன்று. எந்தப் பெட்டி, எவ்வளவு அளவு, எந்த உயரத்திலிருந்து போட்டுச் சோதித்தது என்று பின்னால் வரும் எல்லாம் இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

விதிகளை யார் எழுதுகிறார்கள்?

அடித்தளம் ஐக்கிய நாடுகளின் மாதிரி விதிகள். அவற்றை வைத்து ஐகாவோ, அதாவது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானத்துக்கான தொழில்நுட்ப அறிவுறுத்தல்களை வெளியிடுகிறது. சட்ட பலம் அதற்குத்தான். நடைமுறையில் கவுன்ட்டரில் இருப்பவர் கையில் வைத்திருப்பது விமான நிறுவனங்களின் சர்வதேச சங்கமான ஐயாட்டாவின் ஆபத்தான சரக்கு விதிநூல். அது ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1ஆம் தேதி புதிய பதிப்பாக அமலுக்கு வருகிறது. இவை போதாதென்று, நாடுகளும் விமான நிறுவனங்களும் தங்கள் பங்குக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் போட்டிருக்கும். புத்தகம் அனுமதித்த சரக்கை ஒரு விமான நிறுவனம் ஏற்க மறுக்கலாம். புக் செய்வதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

லாரியில் போகிற பெட்டி விமானத்துக்கு ஏன் போதாது?

முக்கியக் காரணம் காற்றழுத்தம். தரையில் சுமார் 101 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). பறக்கும்போது கேபினுக்குள்ளும் பொதுவான கார்கோ அறைக்குள்ளும் அழுத்தம் ஏறக்குறைய 75 வரை இறங்கும். சாதாரணமாகப் போகும் பயணத்திலேயே இப்படி. அழுத்தக் கட்டுப்பாட்டில் ஏதாவது கோளாறு என்றால் இன்னும் இறங்கும். தரையில் மூடிய பாட்டிலுக்குள் தரையின் அழுத்தம்தான் இருக்கும். வெளியே குறையக் குறைய, உள்ளே இருக்கும் காற்று மூடியை உந்தும். மலை ஏறும்போது நொறுக்குத் தீனிப் பாக்கெட் உப்பிப்போவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். பாக்கெட்டுக்கு உப்புவதற்கு இடம் இருக்கிறது. கண்ணாடி பாட்டிலுக்கு இல்லை. அதனால் அழுத்தம் முழுவதும் மூடியின் மரை வழியாக வழி தேடும்.

அடுத்தது வெப்பநிலை. விதிநூல் கணக்கில் எடுத்துக்கொள்வது மைனஸ் 40 முதல் 55 டிகிரி வரை. ஓடுபாதை ஓரத்தில் வெயிலில் நிற்கும் சரக்கு அடுத்த சில மணி நேரத்தில் உறைபனிக் குளிரில் இருக்கலாம். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போகும், மூடிக்குள் இருக்கும் வாஷர் சுருங்கும். அப்புறம் அதிர்வு. என்ஜினின் இடைவிடாத நடுக்கம் மரை மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும்.

இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. லாரி டிரைவர் நாற்றம் வந்தால் ஓரம் கட்டி இறங்கிவிடுவார். நடுவானில் அந்த வசதி கிடையாது.

95 கிலோபாஸ்கல் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

விமானத்தில் போகும் திரவத்தை நேரடியாகத் தாங்கும் பாட்டிலோ கேனோ, உள்ளுக்கும் வெளிக்கும் இடையே குறைந்தது 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டை ஒழுகாமல் தாங்க வேண்டும் என்பது விதி. வகுப்பு 3இலும் 6.1இலும் பேக்கிங் குரூப் மூன்றுக்கு மட்டும் இது 75 ஆகக் குறையும்.

சட்டென்று ஆவியாகும் திரவங்களுக்கு 95 போதாமல் போகலாம். அதற்கு ஒரு வழி: 50 டிகிரியில் அந்தத் திரவத்தின் ஆவி அழுத்தத்தை 1.75ஆல் பெருக்கி, அதிலிருந்து 100ஐக் கழியுங்கள். வருகிற விடை 95ஐ விடக் கூடுதலாக இருந்தால் அதுதான் உங்கள் அளவு. அசிட்டோனுக்கு 50 டிகிரியில் ஆவி அழுத்தம் சுமார் 82. கணக்குப் போட்டால் 43 சொச்சம்தான் வருகிறது; ஆகவே 95ஐயே எடுத்துக்கொள்ள வேண்டும். டைஎத்தில் ஈதருக்கு அதே வெப்பநிலையில் ஏறக்குறைய 170. விடை 200ஐ நெருங்குகிறது. அசிட்டோனுக்கு வாங்கிய பாட்டிலில் ஈதரை ஊற்றி அனுப்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வெளிப்பெட்டியில் அச்சடித்த யூஎன் குறியீடு (பெட்டி சோதனையில் தேறியது என்று காட்டும் வரி) உள்ளே இருக்கும் பாட்டிலின் அழுத்தத் தாங்குதிறனைப் பற்றி எதுவும் சொல்லாது. பாட்டில் விற்பவரிடம் அதற்கான சோதனைச் சான்றைத் தனியாகக் கேட்க வேண்டும். ‘நல்ல கெட்டியான பாட்டில்தான் சார்’ என்ற பதில் சான்று ஆகாது.

பாட்டிலை எவ்வளவு நிரப்பலாம்?

55 டிகிரியில்கூடத் திரவம் பாட்டிலை முழுவதும் நிரப்பிவிடக் கூடாது. விதி இவ்வளவுதான். ஒவ்வொரு திரவமும் விரியும் விதம் வேறு என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் சொல்ல முடியாது. 15 டிகிரியிலிருந்து 55க்குப் போகும்போது தண்ணீர் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம்தான் விரியும். எத்தனால் 4 சதவீதத்துக்கு மேல், அசிட்டோன் 6 சதவீதத்தை ஒட்டி. ஒரு லிட்டர் பாட்டிலில் கழுத்துவரை அசிட்டோன் ஊற்றினால் விரிந்த 60 மி.லி. எங்கே போகும்? தண்ணீரை வைத்து ‘ஒழுகவில்லையே’ என்று சோதித்துப் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

மூடியை இறுக்கித் திருகினால் போதாதா?

போதாது. அடைப்பான், கார்க், அழுத்திச் செருகும் மூடி போன்றவை கழன்றுவிடாதபடி வேறொன்றால் கட்டாயம் பிடித்துவைக்க வேண்டும். மரை மூடிக்கும் அதிர்வில் தளராதபடி இரண்டாவது பாதுகாப்பு வேண்டும். மூடியையும் கழுத்தையும் சேர்த்து ஒட்டும் டேப், சுருங்கு உறை, கம்பிக் கட்டு, தானாகப் பூட்டிக்கொள்ளும் மூடி என்று எதுவானாலும் சரி. அப்படி எதையும் போட முடியாத பாட்டில் என்றால், குரூப் இரண்டுக்கும் மூன்றுக்கும் நன்றாக மூடிய பின் ஒழுகாத பைக்குள் போட்டு வெளிப்பெட்டியில் வைக்கலாம். குரூப் ஒன்றுக்கு இந்தச் சலுகை இல்லை. அதற்கு இரண்டாவது பாதுகாப்பும் வேண்டும். போதுமான உறிஞ்சும் பொருளோடு ஒழுகாத, உறுதியான இன்னொரு கலத்துக்குள்ளும் வைக்க வேண்டும்.

டேப்பை எந்தத் திசையில் சுற்றுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். மூடி இறுகும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் இழுத்துச் சுற்றினால் நீங்களே மூடியைத் தளர்த்திவிடுகிறீர்கள். சின்ன விஷயம்தான். ஒருமுறை நானே சுற்றிய 12 பாட்டில்களில் இரண்டு இப்படி லேசாகக் கழன்றிருந்ததைப் பெட்டியை மூடும் நேரத்தில் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து டேப் ஒட்டியதும் ஒவ்வொரு பாட்டிலையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்கிறேன்.

இன்னொன்று: உள்ளே உருவாகும் வாயுவை வெளியேற்றச் சின்னத் துளை வைத்த மூடிகள் சில கேன்களில் வரும். ஹைட்ரஜன் பெராக்சைடு கேன்களில் பார்க்கலாம். விமானத்தில், விதிநூல் தனியாக அனுமதித்த சில பொருட்களைத் தவிர வேறு எதையும் அப்படிப்பட்ட கேனில் அனுப்ப முடியாது.

உள்ளே எதை வைத்து நிரப்புவது? மரத்தூள் போடலாமா?

1973 நவம்பர் 3ஆம் தேதி பான் ஆம் நிறுவனத்தின் 160ஆம் எண் சரக்கு விமானம், ஒரு போயிங் 707, நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கை நோக்கிப் புறப்பட்டது. அதில் ஏற்றியிருந்த ரசாயனங்களில் நைட்ரிக் அமிலமும் இருந்தது. கண்ணாடி பாட்டில்கள், சுற்றிலும் மரத்தூள், வெளியே மரப்பெட்டி. விமானத்துக்குள் புகை கிளம்பியது. பாஸ்டனில் இறங்க முயன்றபோது விமானி அறையே புகையால் நிரம்பியிருந்தது. விமானம் ஓடுபாதையைத் தொடாமலே விழுந்து நொறுங்கி, உள்ளே இருந்த மூவரும் இறந்தார்கள். புகை எங்கிருந்து வந்தது என்பதை விசாரணை வாரியத்தால் ஐயமற நிறுவ முடியவில்லை. ஆனால் சரியாகப் பேக் செய்யாத, சரியாக அடுக்காத பாட்டிலிலிருந்து கசிந்த அமிலம் மரத்தூளோடு வினைபுரிந்ததே தொடக்கம் என்று அது கருதியது.

நைட்ரிக் அமிலம் வலுவான ஆக்சிஜனேற்றி. மரத்தூள், காகிதம், துணி போன்றவற்றோடு சேர்ந்தால் அவற்றைச் சூடாக்கிப் பற்றவைத்துவிடும். ஒழுகினால் உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று போட்ட பொருள், ஒழுகியபோது எரிபொருளாகிவிட்டது. ஆக, உறிஞ்சும் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது என் திரவத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான். எவ்வளவு உறிஞ்சும் என்பது அடுத்ததுதான். வெர்மிகுலைட் பரவலாகப் பயன்படுகிறது. அது கனிமம் என்பதால் எரியாது. ஆனால் எல்லாத் திரவத்துக்கும் அது பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே அரிக்கும். அதே காரணத்தால் சிலிகேட் கனிமங்களோடும் வினைபுரியும்.

எவ்வளவு வேண்டும் என்பதை விதிநூலில் உங்கள் பொருளுக்கான பேக்கிங் அறிவுறுத்தல் சொல்லும். பல இடங்களில் உள்ளே இருக்கும் திரவம் முழுவதையும் உறிஞ்சும் அளவு கேட்பார்கள். ஒரு கைப்பிடியைத் தூவிவிட்டு ‘போட்டிருக்கிறேன்’ என்று சொல்வது கணக்கில் வராது. காகித உருண்டைகள், காற்றுக் குமிழி உறை இவையெல்லாம் அதிர்ச்சியைத் தாங்கும், உறிஞ்சாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களுக்கு என்ன பொருள்?

வட்டத்துக்குள் யூ, என் எழுத்துகள், பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்: 4ஜி/ஒய்14.5/எஸ்/24. அதன் பின் நாட்டின் குறியும் தயாரிப்பாளரின் குறியும்.

4ஜி என்றால் அட்டைப்பெட்டி. 4 பெட்டியையும் ஜி அட்டையையும் குறிக்கும். 1ஏ1 என்றால் திறக்க முடியாத மேல்தட்டு கொண்ட எஃகு டிரம், 3எச்1 அதே மாதிரியான பிளாஸ்டிக் ஜெர்ரிகேன். அடுத்த எழுத்துதான் முக்கியம். எக்ஸ் என்றால் மூன்று பேக்கிங் குரூப்புக்கும் செல்லும். ஒய் என்றால் இரண்டுக்கும் மூன்றுக்கும். இசட் என்றால் மூன்றுக்கு மட்டும். இந்த எழுத்துக்குப் பின்னால் விழுதல் சோதனை இருக்கிறது: எக்ஸ் 1.8 மீட்டர், ஒய் 1.2, இசட் 0.8 மீட்டர் உயரத்திலிருந்து. பெட்டி என்றால் அடிப்பக்கம், மேல்பக்கம், நீளப்பக்கம், குறுகிய பக்கம், மூலை என்று ஐந்து விதமாக விழவைப்பார்கள்.

14.5 என்பது பெட்டியின் அதிகபட்ச மொத்த எடை, கிலோவில். பெட்டி, பாட்டில், உறிஞ்சும் பொருள், டேப் எல்லாம் சேர்த்து. எஸ் என்றால் திடப்பொருளுக்கோ உள்கலன்களுக்கோ ஆனது. அதாவது இதில் திரவத்தை நேரடியாக ஊற்ற முடியாது, பாட்டிலில் வைத்து வைக்கலாம். 24 தயாரித்த ஆண்டு.

திரவத்தை நேரடியாக ஊற்றும் டிரம்மிலோ கேனிலோ வரி வேறு மாதிரி இருக்கும். ஒய்1.4/150 என்றால் 1.4 வரையிலான ஒப்படர்த்தி (தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது) கொண்ட திரவத்தை ஊற்றலாம், 150 கிலோபாஸ்கல் நீரழுத்தத்தில் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். அடர்ந்த சல்ஃபியூரிக் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.8க்கு மேல். 1.4 போட்ட கேன் அதற்கு ஆகாது, காலி கேனின் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

யூஎன் பெட்டி வாங்கிவிட்டேன். என்னிடம் இருக்கும் பாட்டிலை வைத்து அனுப்பலாம் அல்லவா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சாதாரண 4ஜி பெட்டிக்கு அந்தச் சான்று கிடைத்தது வெறும் பெட்டிக்காக அல்ல. குறிப்பிட்ட பாட்டில், குறிப்பிட்ட மூடி, குறிப்பிட்ட தடுப்பட்டை, குறிப்பிட்ட டேப் என்று ஒரு தொகுப்பாக வைத்து, மேலிருந்து போட்டு, அடுக்கிச் சோதித்துத்தான் சான்று கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் பாட்டிலை மாற்றினால் சோதித்த தொகுப்பு அதுவல்ல. சின்ன மாறுதல்கள் சிலவற்றுக்கு விதிநூல் இடம் தருகிறது. ஆனால் ‘அளவு ஒன்றுதானே’ என்பது அதில் வராது.

உங்கள் பாட்டிலையே பயன்படுத்த வேண்டும் என்றால் 4ஜிவி என்று குறித்த பெட்டியைத் தேடுங்கள். உடையக்கூடிய கண்ணாடி பாட்டில்களில் திரவத்தை வைத்து, கடுமையான உயரத்திலிருந்து போட்டுச் சோதித்த பெட்டி அது. அதனால் வெவ்வேறு பாட்டில்களை வைக்க அனுமதி உண்டு. பதிலுக்குச் சில கட்டுப்பாடுகள்: உள்கலன்களின் மொத்த எடை சோதனையில் பயன்படுத்திய எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. பாட்டிலுக்கும் பெட்டிக்கும் இடையே மெத்தையாக நிரப்பும் அடுக்கு சோதனையில் இருந்ததைவிடக் குறையக் கூடாது. விலை கூடுதல்தான். எப்போதாவது சாம்பிள் அனுப்புகிறவர்களுக்கு அதுவே லாபம். மாதந்தோறும் ஒரே பாட்டிலை அனுப்புகிறவர்கள் அதற்கேற்ற 4ஜி தொகுப்பையே வாங்கலாம்.

பெட்டியோடு ஒரு தாள் வரும். எந்த டேப், எத்தனை அகலம், மூடியை எவ்வளவு இறுக்க வேண்டும், பையை எப்படிக் கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பிரித்ததும் அட்டையோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பெட்டியின் சான்று செல்லுபடியாவதே அந்தத் தாளின்படி மூடினால்தான். எடுத்துக் கோப்பில் வையுங்கள்.

போன தடவை வந்த பெட்டியையே மறுபடி பயன்படுத்தலாமா?

கிழியாமல், நனையாமல், நசுங்காமல் இருந்து, பழைய லேபிள்களை முழுக்க நீக்க முடிந்து, உள்பகுதிகளும் அதே மாதிரி கிடைத்தால் தடையில்லை. நடைமுறையில் அட்டைப்பெட்டி அப்படித் திரும்பி வருவது அரிது. பிளாஸ்டிக் டிரம்களையும் ஜெர்ரிகேன்களையும் பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு வரைதான் ஆபத்தான சரக்குக்குப் பயன்படுத்தலாம்.

ஒரு பெட்டியில் எத்தனை லிட்டர்?

பயணிகள் விமானமா, சரக்கு விமானமா என்பதைப் பொறுத்தது. விதிநூலின் நீலப் பட்டியலில் ஒவ்வொரு யூஎன் எண்ணுக்கும் நேரே இரண்டும் தனித்தனியாக இருக்கும். அசிட்டோனுக்குப் பயணிகள் விமானத்தில் பேக்கிங் அறிவுறுத்தல் 353, பெட்டிக்கு 5 லிட்டர். சரக்கு விமானத்தில் 364, 60 லிட்டர். பேக்கிங் குரூப் மூன்றில் வரும் பெயின்ட்டுக்கு முறையே 60, 220 லிட்டர். 51 சதவீதத்துக்கு மேற்பட்ட சல்ஃபியூரிக் அமிலம் என்றால் ஒரு லிட்டர், 30 லிட்டர்.

இது பெட்டிக்கான உச்சம். பாட்டிலுக்குத் தனி உச்சம் உண்டு. 353இல் கண்ணாடி என்றால் ஒரு பாட்டில் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. திரவத்தை நேரடியாக ஊற்றிய ஒற்றைக் கேனும் கூடாது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு அடுக்கு வேண்டும். சில திரவங்கள் இரண்டு விமானத்திலும் ஏறாது. செம்புகை விடும் நைட்ரிக் அமிலம், யூஎன் 2032, அப்படி ஒன்று. அதற்குப் பெட்டி தேடி அலைய வேண்டாம்.

யூஎன் பெட்டி இல்லாமல் அனுப்ப வழியே இல்லையா?

சின்ன அளவுகளுக்கு இருக்கிறது. ஒன்று, வரையறுத்த அளவு. ஒய் என்று தொடங்கும் பேக்கிங் அறிவுறுத்தல்கள் இதற்கானவை. அசிட்டோனுக்கு ஒய்341, பெட்டிக்கு ஒரு லிட்டர். பெட்டியின் மொத்த எடை 30 கிலோவைத் தாண்டக் கூடாது. யூஎன் குறியீடு வேண்டாம், ஆனால் 1.2 மீட்டர் விழுதலையும் அடுக்குதலையும் தாங்கும் தரம் வேண்டும். பாட்டிலுக்கான அழுத்த விதி இங்கேயும் உண்டு. அனுப்புநர் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவமான ஷிப்பர் டிக்ளரேஷனும் வேண்டும். சாலைப் போக்குவரத்தில் இதே பெயரில் இருக்கும் சலுகையில் காகித வேலை குறைவு என்பதால், விமானத்துக்கும் அப்படித்தான் என்று நினைத்து வந்து திரும்பிப் போகிறவர்கள் பலர்.

இன்னொன்று, விலக்களித்த அளவு. நீலப் பட்டியலில் இ0 முதல் இ5 வரை ஒரு குறி இருக்கும். இ0 என்றால் அனுமதியே இல்லை. அசிட்டோன் இ2: பாட்டிலுக்கு 30 மி.லி., பெட்டிக்கு 500 மி.லி. மூன்று அடுக்குப் பேக்கிங், 1.8 மீட்டர் விழுதல், சிவப்புக் கோடு போட்ட சதுரக் குறி இவை வேண்டும். டிக்ளரேஷன் வேண்டாம். ஆய்வகச் சாம்பிள்களுக்கு இது மிகவும் கைகொடுக்கும். பலரும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் முழுப் பேக்கிங்குக்குச் செலவு செய்கிறார்கள்.

இரண்டு வேறு திரவங்களை ஒரே பெட்டியில் வைக்கலாமா?

ஒன்றோடொன்று கலந்தால் சூடாகவோ, வாயு கிளம்பவோ, தீப்பற்றவோ வாய்ப்பிருந்தால் கூடாது. அப்படி எதுவும் இல்லையென்றால் ஒரு கணக்குப் போட வேண்டும். ஒவ்வொன்றின் அளவையும் அதற்கான உச்சத்தால் வகுத்துக் கூட்டுங்கள். மொத்தம் ஒன்றைத் தாண்டக் கூடாது. பயணிகள் விமானத்தில் 2 லிட்டர் அசிட்டோனும் குரூப் மூன்று பெயின்ட் 30 லிட்டரும் என்றால் 0.4, 0.5, மொத்தம் 0.9. சரி. அசிட்டோனை 3 லிட்டர் ஆக்கினால் 1.1. இரண்டு பெட்டியாகப் பிரிக்க வேண்டியதுதான். பெட்டியின் தரம் இரண்டில் கடுமையான குரூப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

வெளியே என்னென்ன ஒட்ட வேண்டும், எழுத வேண்டும்?

யூஎன் எண், முறையான சரக்குப் பெயர், அனுப்புநர், பெறுநர் முகவரிகள். வகுப்புக்கான வைரவடிவ லேபிள், பக்கத்துக்கு 100 மி.மீ. இரண்டாவது ஆபத்து இருந்தால் அதற்கும் ஒன்று. சரக்கு விமானத்துக்கு மட்டும் என்றால் அதற்கான ஆரஞ்சு லேபிள்.

திரவத்துக்கு மேல்நோக்கிய அம்புக்குறிகள் அவசியம், எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டில். ஒரே பக்கத்தில் இரண்டு ஒட்டிவிட்டு வருவார்கள். பெட்டியின் மூலையை மடித்து லேபிள் ஒட்டுவதும் அப்படியே. யூஎன் குறியீட்டின் மேலேயே லேபிளை ஒட்டிவிட்டால் பிரச்சினை இன்னும் பெரிது. பெட்டி சரியானதுதான் என்று நிரூபிக்கும் ஒரே வரி மறைந்துவிடும்.

பல பெட்டிகளைச் சேர்த்து ஒரே பேலட்டில் சுற்றலாமா?

சுற்றலாம். ஒளி ஊடுருவும் ஃபிலிமாக இருந்து உள்ளே இருக்கும் எல்லா லேபிளும் தெரிந்தால் சரி. தெரியவில்லை என்றால் அவற்றை வெளியே மறுபடி ஒட்டி, ஓவர்பேக் என்ற சொல்லையும் குறைந்தது 12 மி.மீ. உயர எழுத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

ஷிப்பர் டிக்ளரேஷனில் ஃபார்வர்டரே (சரக்கை அனுப்பித்தரும் முகவர்) கையெழுத்துப் போட்டுவிடுவார்தானே?

தயாரிக்க உதவலாம். பொறுப்பு உங்களுடையது. இடவலம் சிவப்புக் கோடுகள் போட்ட அந்தப் படிவத்தில் ‘இந்தச் சரக்கை விதிப்படி வகைப்படுத்தி, பேக் செய்து, குறியிட்டிருக்கிறேன்’ என்று உறுதி சொல்வது அனுப்புநர். அதனால்தான் கையெழுத்திடுபவரும் பேக் செய்பவரும் தங்கள் வேலைக்கேற்ற பயிற்சி பெற்றிருக்க வேண்டும், 24 மாதத்துக்குள் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். படிவத்தில் எழுதிய பெயரும் பெட்டியில் எழுதிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நகலைக் குறைந்தது மூன்று மாதம் வைத்திருங்கள்.

எல்லாம் செய்தும் கவுன்ட்டரில் திருப்பி அனுப்புகிறார்களே, ஏன்?

ஏற்பவர் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்பார். ஒரு இடத்தில் ‘இல்லை’ விழுந்தாலும் முழுச் சரக்கும் நிற்கும். கடுமையாகத் தோன்றலாம். பெட்டியை அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பதை வெளியே இருப்பதை வைத்தே நம்ப வேண்டிய நிலை. எழுத்துப்பிழையைக்கூட விடமாட்டார்கள் என்று எனக்கும் முன்பு எரிச்சல் வந்தது உண்டு. அப்புறம் ஒரு நாள் நானே தயார் செய்த பெட்டியில் மொத்த எடை குறியீட்டில் இருந்ததைவிட 400 கிராம் கூடியிருந்தது. கடைசி நேரத்தில் கூடுதலாகப் போட்ட வெர்மிகுலைட்தான் காரணம். தராசில் வைத்துக் காட்டினார்கள். பேச ஒன்றும் இல்லை, எடுத்துக்கொண்டு திரும்பினேன். இப்போது பெட்டியை மூடிய பிறகுதான் எடை போடுகிறேன்.

காலி கேனைத் திருப்பி அனுப்ப இதெல்லாம் வேண்டுமா?

கழுவி, ஆவியையும் நீக்கிவிட்டால் வேண்டாம். வெறுமனே கவிழ்த்துக் கொட்டியது காலி ஆகாது. பெட்ரோல் கேனில் மிச்சம் இருக்கும் ஆவி, நிரம்பிய கேனைவிடச் சுலபமாகப் பற்றும்.

சாம்பிள் என்று எழுதி, சொல்லாமல் அனுப்பினால் யாருக்குத் தெரியப் போகிறது?

ஒழுகாத வரைக்கும் ஒருவேளை யாருக்கும் தெரியாமலே போகலாம். ஆனால் முறையாக அறிவித்த சரக்கு என்றால், எது எந்த இடத்தில் ஏற்றியிருக்கிறது என்று புறப்படும் முன்பே விமானியிடம் எழுத்தில் கொடுப்பார்கள். புகை வந்தால் எதை எதிர்பார்ப்பது, தரையிறங்கியதும் தீயணைப்பு வீரர்களிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியும். நீங்கள் மறைத்த பெட்டி அந்தத் தாளில் இருக்காது.